கதவும் ஸ்பீக்கர்தான்

மிருதங்கத்தில் வலந்தலை மட்டும் கேட்டது. கனத்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியைக் காணோம்.

என் பிக்கப் வண்டியில் பல மாதங்களாக அப்படித்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் கூட்டினால் இடது கதவிலிருந்து ‘ர்ர்ர்’ என்று ஒரு கிழிசல் ஒலி வேறு சேர்ந்துகொள்ளும். ஆண் குரல் கீழ் ஸ்தாயிக்கு இறங்கும் இடங்களில் அது அதிகம். ஆரம்பத்தில் பதிவு சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஸ்டீரியோவைச் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்தி, பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளி, கதவில் ஸ்பீக்கருக்கு மேலே இருக்கும் வலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தாளத்துக்குத் தாளம் காற்று தள்ளுவதற்குப் பதிலாகக் கையில் ஒரு நடுக்கம் மட்டும் வந்தது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

கடையில் விட்டிருந்தால் அரை நாளில் முடித்துக் கொடுத்திருப்பார்கள். எனக்கு என்னவோ நானே செய்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. தினமும் பல மணி நேரம் அந்தக் கேபினில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறையாவது தெரிந்துகொள்ள ஆசை. மகளும் டார்ச் பிடிக்கிறேன் என்றாள். சரி, ஆரம்பிக்கலாம் என்று இறங்கினோம்.

ஒற்றைக் கேபின் பிக்கப்பில் கதவு ஸ்பீக்கருக்குத்தான் எல்லாச் சுமையும். காரில் பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும், அதில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கும், டிக்கியில் ஒரு வூஃபர் வைக்கவும் இடம் இருக்கும். இங்கே சீட்டுக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் சரக்குத் தொட்டி. பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, என்று ஏதாவது வர வேண்டுமென்றால் அந்த இரண்டு கதவுகளிலிருந்துதான் வர வேண்டும். அதே கதவுகள்தான் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை ஓங்கிச் சாத்தப்படுகின்றன, மண் சாலைத் தூசியைக் குடிக்கின்றன, மழையில் நனைகின்றன.

முதல் வேலை பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. இப்போது பல வண்டிகளில் ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஒயர்களும் சென்சார்களும் கதவுக்குள் இருக்கின்றன. மைனஸைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். மஞ்சள் நிறத்தில் கனெக்டர் எதுவும் தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. அதில் மல்டிமீட்டர் முனையை வைத்துச் சோதிக்கவே கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தர மாட்டேன்.

கதவுப் பலகையைக் கழற்றுவதில் கஷ்டம் ஸ்க்ரூக்களைக் கண்டுபிடிப்பதுதான். கைப்பிடிக் குழிக்குள் ஒன்று, அதன் அடியில் ரப்பர் மூடிக்குக் கீழே ஒன்று, கதவைத் திறக்கும் நெம்புகோலுக்குப் பின்னால் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் ஒன்று. என் வண்டியில் கண்ணாடி சுவிட்சுப் பலகையைத் தூக்கினால்தான் தெரியும் இடத்தில் நான்காவது ஒன்றும் இருந்தது. பலகை வர மறுத்தால், பலத்தைக் கூட்டுவதற்கு முன் இன்னொரு ஸ்க்ரூவைத் தேடுங்கள். ஸ்க்ரூக்கள் முடிந்த பிறகு ஓரங்களில் கிளிப்புகள். அவற்றை நெம்ப பிளாஸ்டிக் நெம்பி நல்லது. இரும்புத் திருப்புளி பெயின்டைக் கீறும், அந்தக் கீறலில் துரு பிடிக்கும். கிளிப்பு எங்கே இருக்கிறதோ அதை ஒட்டியே நெம்ப வேண்டும், இல்லாவிட்டால் பலகை ஒடியும். கடைசியில் பலகையை மேலே தூக்கினால் கண்ணாடி விளிம்பிலிருந்து விடுபடும். உடனே இழுத்துவிடக் கூடாது. பின்பக்கம் பூட்டுக் கேபிளும் சுவிட்சு ஒயரும் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே முதலில் கண்ணில் பட்டது ஒரு பாலித்தீன் ஷீட். கறுப்புப் பிசினால் ஒட்டியிருந்தது. ஸ்பீக்கருக்குக் கீழே ஒரு மூலையில் கிழிந்து மடங்கிக் கிடந்தது. யாரோ எப்போதோ கண்ணாடி மோட்டாரைப் பார்ப்பதற்காகக் கிழித்திருக்க வேண்டும். நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு முழு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஸ்பீக்கரை நான்கு ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். ரிவெட்டின் தலையை ட்ரில்லால் குடைந்தெடுக்க வேண்டும். குடையும்போது கதவுத் தகட்டின் இரும்புத் துகளும் கொஞ்சம் உதிரும். ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒரு துகள் கூம்பை ஆட்டும் கம்பிச் சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவில் உள்ள நூலிழை இடைவெளிக்குள் போய்விட்டால் புது ஸ்பீக்கர் முதல் நாளிலேயே கரகரக்கும். அதனால் துளையிட்டு முடித்து, ஈரத் துணியால் துடைத்து, வாக்குவம் போட்ட பிறகுதான் புதுப் பெட்டியைப் பிரித்தேன்.

பழைய ஸ்பீக்கரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். காகிதக் கூம்பு. அதன் அடிப்பகுதியில் பிறைச் சந்திரன் போல ஒரு பழுப்புக் கறை, தண்ணீர் ஏறி இறங்கிய கோடு. கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வெளி வளையம் நுரையால் ஆனது. மகள் அதை விரலால் தொட்டாள். தொட்ட இடம் அப்படியே சாம்பல் மாதிரி உதிர்ந்தது. முக்கால்வாசி வட்டத்துக்கு வளையமே இல்லை. கூம்பு நடுவில் இருக்கும் துணிச் சல்லடையை மட்டும் நம்பி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கேட்ட ‘ர்ர்ர்’ அதுதான். மல்டிமீட்டரில் மின்தடை 3.4 ஓம் காட்டியது, 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான அளவுதான். சுருள் நன்றாகவே இருந்திருக்கிறது. நுரைக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஈரமும் வெயிலும் எத்தனையோ ஆண்டுகள் தின்றால் நுரை வளையம் இப்படித்தான் போகும்.

அதனால் புதுசு வாங்கும்போது ரப்பர் வளையமும் பாலிபுரோபிலீன் கூம்பும் இருப்பதையே தேடினேன். கதவு என்பது உள்ளே மழை பெய்யும் இடம். கண்ணாடியில் வழியும் நீர் ரப்பர் விளிம்பைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் வடிகால் துளை வழியாக வெளியே போக வேண்டும் என்றுதான் கதவையே வடிவமைக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் கடையின் அட்டைப்பெட்டிகளில் போட்டிருக்கும் வாட் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என் ஸ்டீரியோவின் முகத்தில் ‘50 வாட் × 4’ என்று எழுதியிருக்கிறது. இஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கி 4 ஓமால் வகுத்தால் 51.84. அந்த 50 வாட் வந்த வழி இதுதான்: அலை முழுவதும் சிதைந்து சதுரமாகிவிட்ட நிலையில், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது. சுத்தமான அலைக்கு அதில் பாதி, 26 வாட். ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயர் சிப்புக்குள் போகும் இழப்பையும் கழித்தால் ஒரு பக்கத்துக்கு 20 வாட் சுமாராக மிஞ்சும்.

தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கப் போவதில்லை என்றால், அந்த 20 வாட்டைக் கொண்டு அதிகச் சத்தம் தரும் ஸ்பீக்கர்தான் நமக்கு வேண்டும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று அட்டையில் இருக்கும். 3 டெசிபல் கூடுதலாகப் பெற வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 92 டெசிபல் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் 5 டெசிபல், வாட் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல். ‘300 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை வைத்துவிட்டு 92 டெசிபல்காரனை எடுத்தேன். ஆனால் சில தயாரிப்பாளர்கள் ஒரு வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட் ஆகிவிடும். அந்த எண்ணிலிருந்து 3 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் மற்றதோடு ஒப்பிட வேண்டும். ஓம் அளவையும் பழையதோடு பொருத்திப் பாருங்கள். 4 ஓமுக்குச் செய்த ஸ்டீரியோவில் 2 ஓமை மாட்டினால் மின்னோட்டம் இரட்டிப்பாகிச் சூடேறும்.

அளவு 6.5 அங்குலம். குறுக்களவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தகட்டிலிருந்து கண்ணாடி வரை எவ்வளவு இடம் என்று அளக்க வேண்டும். எனக்கு 5.5 சென்டிமீட்டர் இருந்தது, புது ஸ்பீக்கரின் ஆழம் 6. வளையம் வைத்து ஸ்பீக்கரை முன்னால் தள்ளித்தான் ஆக வேண்டும். கையிலிருந்த ஒட்டுப் பலகையில் 15 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு வளையம் அறுத்தேன். ரொம்பவும் தள்ளினால் கதவுப் பலகையின் வலையில் கூம்பு இடிக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடது கதவில் பொருத்தி, ஒயரை மாட்டி, பேலன்ஸை அந்தப் பக்கம் தள்ளிப் பாட்டைப் போட்டேன். மேல் ஒலிகள் எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. தம்புராவின் ரீங்காரம், ஜால்ராவின் நுனி எல்லாம் முதல் முறையாகக் கேட்டன. தொப்பியை மட்டும் இன்னும் காணோம். பழைய, கிழிந்த ஸ்பீக்கரைவிடவும் மெலிந்திருந்தது என்றே சொல்வேன்.

அங்கேதான் உட்கார்ந்து யோசித்தேன். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கம் காற்று நெருக்குகிறது. அதே நொடியில் பின்பக்கம் காற்று தளர்கிறது. ஒரே கூம்பிலிருந்து இரண்டு அலைகள், ஒன்று மற்றொன்றுக்கு நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். மேல் ஒலிகளுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான், அது பெரும்பாலும் கூம்பு பார்க்கும் திசையிலேயே போய்விடும். தொப்பி வாழும் 80 ஹெர்ட்ஸில் அலைநீளம் நாலே கால் மீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு ஸ்பீக்கரைச் சுற்றி வருவது ஒரு தூரமே இல்லை. விளிம்பில் ஒரு சந்து இருந்தால் போதும், பின் அலை முன்னால் வந்து முன் அலையைத் தின்றுவிடும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் அல்ல. இன்றைக்கு நாம் பயன்படுத்தும் சுருளும் கூம்புமான ஸ்பீக்கரை 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் ஆய்வுக் கட்டுரையாக எழுதியபோதே, கூம்பைப் பலகையில் பொருத்தி முன் அலையையும் பின் அலையையும் பிரித்து வைப்பது அதன் முக்கியப் பகுதியாக இருந்தது. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி எதற்கு இருக்கிறதோ, அதே வேலையைத்தான் வண்டியில் கதவு செய்ய வேண்டும். நான் ஸ்பீக்கரை மாற்றினேன். பெட்டியை ஓட்டையாக விட்டுவிட்டேன்.

சோதித்துப் பார்க்க 80 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைப் போனிலிருந்து ஓடவிட்டு, மெல்லிய காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழித்து, ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். மேலே அசையவில்லை, இடப்பக்கம் அசையவில்லை. கீழே வலது மூலைக்கு வந்ததும் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. அங்கே கதவுத் தகட்டில் ஒரு மேடு ஓடுகிறது. வளையம் அதன்மேல் ஏறி நின்றதில் நகக் கனத்துக்கு ஒரு சந்து. கிழிந்த பாலித்தீன் பக்கம் கொண்டுபோனேன். அங்கே காகிதம் கையிலிருந்து பறந்தே போனது.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். ஒட்டுப் பலகை வளையத்தையும் தூக்கிப் போட்டேன், ஈரத்தில் அது ஒரு வருஷத்தில் உப்பிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. கடினமான பிளாஸ்டிக் பலகையில் புது வளையம் அறுத்து, தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே பியூட்டைல் ரப்பர் பிசின் கயிற்றைச் சுற்றி வைத்து இறுக்கினேன். மேடு இருந்த இடத்தில் பிசின் நசுங்கிச் சந்தை நிரப்பிக்கொண்டது. வளையத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மெல்லிய நுரைப் பட்டை. ஸ்பீக்கரின் முகத்தைச் சுற்றி இன்னொரு நுரை வளையம், கதவுப் பலகையின் வலை வரை. இல்லாவிட்டால் ஒலியில் பாதி பலகைக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பாலித்தீன் கிழிசலையும் அதே பிசினால் மூடினேன். தகட்டில் இருந்த பெரிய துளைகளை அலுமினிய முகம் வைத்த பியூட்டைல் ஷீட்டால் அடைக்கலாம் என்று கை துறுதுறுத்தது. அதற்கு முன் கையேட்டைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. சில வண்டிகளில் பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்கும் அழுத்த சென்சார் கதவுக்குள் இருக்கும். மோதும்போது கதவுக்குள் காற்றழுத்தம் கூடுவதை வைத்துத்தான் அது ஏர்பேக்கை எழுப்பும். அப்படிப்பட்ட கதவில் தயாரிப்பாளர் வைத்த தடுப்பை அப்படியே திரும்ப வைப்பதுதான் சரி. நம் இஷ்டத்துக்குத் துளை போடவும் கூடாது, அடைக்கவும் கூடாது. என் வண்டியில் அந்த சென்சார் இல்லை, அதனால் அடைத்தேன். வெளித் தகட்டின் உள்முகத்தில், நடுப்பகுதியில் கால் பங்கு இடத்துக்கு அதே ஷீட்டை ரோலரால் அழுத்தி ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் தகட்டை முட்டியால் தட்டினால் ‘டங்’ என்று தகரக் குடம் போல நீண்டது. ஒட்டிய பிறகு ‘தொப்’ என்று அங்கேயே நின்றுவிட்டது.

கதவின் அடியைத் தடவிப் பார்த்தபோது மூன்று வடிகால் துளைகளில் இரண்டு சேற்றால் அடைபட்டிருந்தன. வளைத்த கம்பியால் குத்தினேன். ஒரு டம்ளர் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் வெளியே ஓடியது. பழைய கூம்பில் பார்த்த பிறைக் கறைக்குக் காரணம் அங்கே இருந்தது. ஷீட் ஒட்டுகிறவர்கள் இந்தத் துளைகளை மட்டும் தப்பித் தவறியும் மூடிவிடக் கூடாது.

மறுபடி அதே பாட்டு, இடது பக்கம் மட்டும். தொப்பி வந்தது. கேபின் அதிரும்படி எல்லாம் இல்லை. தோலை உள்ளங்கையால் அடித்து அழுத்தி இழுக்கும்போது வரும் அந்த ‘கும்’ என்ற வளைவு முழுதாக வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. மகள்தான் “அப்பா, இப்பதான்பா மிருதங்கம் மாதிரி இருக்கு” என்றாள்.

வலது கதவுக்கு முதல் கதவில் ஆன நேரத்தில் கால் பங்குகூட ஆகவில்லை. முடித்துவிட்டு பேலன்ஸை நடுவில் வைத்தேன். தொப்பி மறுபடியும் போய்விட்டது. பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை, தலைக்கு இரண்டு பக்கமும் பரவலாக மிதந்தது. பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளினால் பேஸ் வருகிறது, நடுவில் வைத்தால் மறைகிறது. இந்த அறிகுறிக்கு ஒரே அர்த்தம்தான்: ஒரு கதவில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. இடது கூம்பு முன்னால் வரும்போது வலது கூம்பு பின்னால் போகிறது.

இரண்டு கதவுகளிலும் ஒயர் நிறங்கள் வேறு வேறு. கோடு போட்ட ஒயர் மைனஸ் என்று நானாக நினைத்துக்கொண்டு மாட்டியிருந்தேன். இதைத் தீர்க்கப் பழைய ஸ்பீக்கர்களே உதவின, நல்லவேளை குப்பையில் போடவில்லை. ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து, பழைய ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். அந்த முனை கனெக்டரில் எந்த ஒயரோடு சேர்கிறதோ அது வண்டியின் பிளஸ் ஒயர்.

மகள் முகத்தைக் கூம்புக்கு நேராக வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் தொட்டேன். ‘டக்’.

“உள்ள போகுதுப்பா.”

மாற்றித் தொட்டேன். “இப்ப வெளிய வருது.” ஒரு துண்டு டேப்பில் கூட்டல் குறி போட்டு அந்த முனையில் அவளே ஒட்டினாள். கனெக்டரோடு சேர்த்துப் பார்த்தோம். வலது கதவில்தான் தவறு. அங்கே கோடு போட்ட ஒயர்தான் பிளஸ். மாற்றி மாட்டியதும் குரல் இரண்டு பக்கமும் மிதப்பதை விட்டுவிட்டு முன் கண்ணாடிக்கு நடுவில் வந்து நின்றது.

பலகையைத் திரும்ப மாட்டும் முன் கண்ணாடியை ஏற்றி இறக்கி, பூட்டைப் போட்டுத் திறந்து பார்த்தோம். எல்லாக் கனெக்டரும் இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்காமல் சாவியைத் திருப்பக் கூடாது, இல்லாவிட்டால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கிவிடும். உடைந்த இரண்டு கிளிப்புகளுக்குப் பதில் புதுசு போட்டோம். கிளிப்பு இல்லாத இடத்தில் பலகை பேஸுக்குத் தக்கபடி பல்லைக் கடிக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. போன வாரம் விடிய விடியப் பெய்த மழைக்கு அடுத்த நாள், மனசு கேட்காமல் இடது கதவுப் பலகையை மட்டும் ஒரு முறை கழற்றினேன். கதவின் அடியில் மூன்று துளைகளிலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை அவிழ்த்துக் கூம்பின் பின்பக்கத்தை விரலால் தடவினேன். கொஞ்சம் தூசி ஒட்டியது. ஈரம் இல்லை.